பெயின்ட்டில் கீறல் விழாமல் காரின் தூசியை அகற்றும் முறை

காரின் மேல் படிந்த தூசி, படிந்த இடத்திலேயே அசையாமல் கிடக்கும்வரை, பெரும்பாலும் பெயின்ட்டுக்குத் தீங்கு எதுவும் செய்வதில்லை. அதன் மேல் ஒரு துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போதுதான் கீறல் விழுகிறது. நம் வண்டிகளின் மேல் தென்படும் மெல்லிய கீறல்களில் பெரும்பகுதி மரக்கிளையோ பக்கத்து வண்டியோ உரசியதால் வந்தவை அல்ல. வண்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு நாமோ நமக்காக வேறொருவரோ துடைத்ததால் வந்தவை.

இதை நான் என் சொந்த வண்டியில்தான் அறிந்துகொண்டேன். அடர்நீல நிறத்தில் வாங்கிய கார் அது. குடியிருப்பின் தரைத்தளத்தில் நிற்கும் அந்த வண்டியை, மற்ற வண்டிகளைப் போலவே, நாள்தோறும் விடிகாலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய பனியன் துணியுமாகத் துடைத்து வந்தார்கள். நிழலில் பார்க்கும்போது வண்டி பளிச்சென்றுதான் இருந்தது. ஓராண்டு கழித்து ஒரு நாள் உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு பானெட்டைப் பார்த்தபோது, அதில் தெரிந்த சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதைப் போல நூற்றுக்கணக்கான மெல்லிய வட்டக் கோடுகள் மின்னின. நாள் தவறாமல் துடைத்த முந்நூறு காலைப் பொழுதுகளின் கணக்கு அதில் அப்படியே பதிவாகியிருந்தது.

கீறல் ஏன் விழுகிறது

காரின் தகட்டுக்கு மேல் உள்ள பூச்சு ஒரே படலம் அல்ல. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு படலங்கள் இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் உண்டு. இவை நான்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 மைக்ரானை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை, ஒட்டித்தான் இருக்கும்; நகல் எடுக்கும் கடையில் பயன்படுத்தும் ஒரு தாளின் தடிமன் அவ்வளவுதான். அதிலும் வெயிலையும் மழையையும் தாங்கி, பளபளப்பைத் தரும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரையே இருக்கும். கீறலைப் பாலிஷ் போட்டு நீக்குவது என்றால், அந்தக் கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் சேர்த்துச் சுரண்டிச் சமப்படுத்துவதுதான். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். போனது திரும்பி வராது. ஆகவே பாலிஷைக் கடைசி மருந்தாகத்தான் கருத வேண்டும்.

இந்த மென்மையான படலத்தின் மேல் வந்து விழுவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். தெருத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கும். மோஸ் என்ற கனிமவியலாளர் 1812-இல் வகுத்த, எண் கூடக் கூடக் கடினம் கூடும் அளவுகோலில் குவார்ட்ஸின் அளவு 7. சாதாரணக் கண்ணாடியே அதில் ஐந்தரை அளவில்தான் நிற்கிறது. கண்ணாடியையே கீறக்கூடிய துகளுக்கு, பிசின் போன்ற ஒரு படலம் எம்மாத்திரம்?

தூசியிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. கட்டட வேலை நடக்கும் நகரத் தெருக்களில் இன்று பறப்பது பெரும்பாலும் எம்-சாண்டின் தூள். ஆற்று மணல் நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்வதால் அதன் துகள்களுக்குக் கூர்மையான முனைகள் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணல், இரும்புச் சத்து பூசிய குவார்ட்ஸ் மணிகளால் ஆனது; காய்ந்திருக்கும்போது எளிதில் உதிரும், ஆனால் கதவு இடுக்குகளிலும் ரப்பர் ஓரங்களிலும் போய் ஒளிந்துகொள்ளும். கரிசல் மண் இதற்கு நேர்மாறு. அதன் துகள் மிக நுண்ணியது. ஈரம் பட்டால் களியாகி ஒட்டும், காய்ந்தால் ஓடுபோல் இறுகும். கரிசல் காட்டுச் சாலையில் ஓடிவந்த வண்டியை முதலில் நன்றாக ஊற வைத்தாலன்றி, எவ்வளவு உயர்ந்த துணியாலும் பாதுகாப்பாகத் துடைக்க முடியாது.

முதலில் நிறுத்த வேண்டியவை

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்பு, இப்போது செய்துவரும் சில பழக்கங்களை நிறுத்தினாலே பாதிக் கீறல்கள் வராமல் போகும் என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது, காய்ந்த தூசியைக் காய்ந்த துணியால் துடைப்பது. இரண்டாவது, ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை முக்கி முக்கி வண்டி முழுவதையும் துடைப்பது. இது உலர்ந்த துணியைவிடப் பரவாயில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் கதவைத் துடைத்த மண் அந்த வாளிக்குள் இறங்கி, மறுபடியும் துணியில் ஏறி, அடுத்த கதவைத் தேய்க்கத்தான் போகிறது. அதே வாளியில் ஐந்தாறு வண்டிகளைத் துடைத்தால், கடைசி வண்டிக்குக் கிடைப்பது மணல் கரைசல்தான். மூன்றாவது, பின்கண்ணாடியில் விரலால் எழுதுவது. குழந்தைகள் விளையாட்டாகச் செய்வதுதான், ஆயினும் பெயின்ட்டின் மேல் அப்படி எழுதினால் எழுத்து கழுவிய பிறகும் வெயிலில் தெரியும்.

நான்காவது, தூசி படிந்த வண்டியின் மேல் கவர் போடுவது. காற்று அடிக்கும்போதெல்லாம் கவர் அசையும். அசையும்போதெல்லாம் உள்ளே இருக்கும் தூசியை வைத்து வண்டியைத் தேய்க்கும். கவரைப் போடுவதாக இருந்தால் கழுவித் துவட்டிய வண்டியின் மேல்தான் போட வேண்டும். கவரின் உட்புறமும் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் வண்டி திறந்தபடி நிற்பதே நல்லது. அதேபோல, தூசி படிந்த முன்கண்ணாடியில் வைப்பரை உலர்வாக ஓட்டக்கூடாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுத்தான் வைப்பரைத் தொட வேண்டும். குவார்ட்ஸ் கண்ணாடியையும் கீறும் என்று மேலே சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது.

தண்ணீரும் நேரமும்

வண்டியைக் கழுவ ஏற்ற நேரம் விடிகாலை அல்லது வெயில் தாழ்ந்த மாலை. நிழலில் நிறுத்தி, பானெட்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். சூடான தகட்டில் ஷாம்பூவும் தண்ணீரும் துவட்டுவதற்குள் காய்ந்து கறையாகிவிடும்.

தண்ணீரின் தரத்தைப் பற்றி நம் ஊரில் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீராக இருக்கிறது. பக்கெட்டிலும் குழாய் முனையிலும் படியும் அதே வெள்ளைப் படிவு, காரின் மேல் காயும் ஒவ்வொரு துளியிலும் ஒரு வட்டமாக நின்றுவிடும். கால்சியம், மக்னீசியம் உப்புகளால் ஆன அந்த வட்டத்தைச் சில வாரம் வெயிலில் விட்டால் சாதாரண ஷாம்பூவுக்குப் போகாது; அதைப் போக்கத் தேய்க்கத் தேய்க்கப் புதிய கீறல்கள் விழும். வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரைச் சேமித்து வண்டி கழுவுவோர் உண்டு; சிக்கன நோக்கம் பாராட்டத்தக்கது என்றாலும், வடிகட்டிப் பிரித்த உப்பு முழுவதும் செறிந்திருப்பது அந்த நீரில்தான் என்பதால் காருக்கு அது ஆகாது. அதைவிட நல்ல நீர் நம் வீட்டுச் சுவரிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏ.சி.யிலிருந்து வடியும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டது. அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஓர் இரவில் சில லிட்டர் கிடைக்கும். கழுவுவதைப் போர் தண்ணீரில் முடித்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இந்த நீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்தினால் வெள்ளை வட்டங்கள் வரவே வராது என்று சொல்லும் அளவுக்குக் குறைந்துவிடும்.

முறையாகக் கழுவுவது

தேவைப்படுபவை அதிகமில்லை: இரண்டு வாளிகள், கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் என்னும் நுண்ணிழையாலான கையுறை ஒன்று, துவட்டுவதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று, சக்கரங்களுக்கென்று தனியாக ஒரு பழந்துணி. பாத்திரம் கழுவும் சோப்பு நீர்மத்தை வாரந்தோறும் பயன்படுத்த வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே உண்டானது என்பதால் பெயின்ட்டைக் காக்கும் வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

முதல் வேலை, கையால் வண்டியைத் தொடாமல் தண்ணீரால் மட்டும் அலசுவது. கூரையில் தொடங்கி மேலிருந்து கீழாக, ஹோஸ் குழாயின் நீரைச் சாய்வாக வழியவிட்டுக் கழுவ வேண்டும். இந்த ஒரு வேலைக்கு நீங்கள் ஒதுக்கும் நேரம் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலாக இருக்கட்டும். உதிரியாக இருக்கும் மண் எவ்வளவு தண்ணீரோடு போகிறதோ, அவ்வளவும் துணிக்கு அடியில் சிக்காமல் போன மண். ஒரு முறை நனைத்துவிட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடியும் அலசுவது நல்ல பலன் தரும். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் விசிறியாக விரியும் முனையைப் பொருத்தி, பெயின்ட்டிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். பட்டறையில் மறுபூச்சு அடித்த இடம், ஸ்டிக்கரின் ஓரம், கதவு ரப்பர் ஆகியவற்றில் நேராக அடிக்கக்கூடாது. அவர்களுக்கு நுரை தெளிக்கும் குப்பியும் இருந்தால், நுரையைப் போர்த்தி, அது காய்வதற்கு முன் கழுவிவிடலாம். மண் மேலும் இளகி இறங்கும்.

அடுத்ததுதான் கை வைக்கும் கட்டம். ஒரு வாளியில் ஷாம்பூ கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். கையுறையை ஷாம்பூ நீரில் முக்கி, ஒரு பகுதியை மட்டும், உதாரணமாகக் கூரையின் பாதியை மட்டும், துடைக்க வேண்டும். பிறகு கையுறையை வெறும் நீருள்ள வாளியில் நன்றாக அலசி, பிழிந்து, அதன் பிறகே மீண்டும் ஷாம்பூ வாளிக்குள் விட வேண்டும். மண் எல்லாம் அலசும் வாளியிலேயே தங்கிவிட, ஷாம்பூ நீர் சுத்தமாக இருக்கும். வாளியின் அடியில் வைப்பதற்கென்று துளையிட்ட தட்டுகள் கிடைக்கின்றன. அது இருந்தால் அடியில் இறங்கிய மண் கலங்கி மேலே வராது. அலசும் நீர் கலங்கலாகிவிட்டால், வண்டி பாதியில் இருந்தாலும், மாற்றியே ஆக வேண்டும்.

கையை அழுத்தாதீர்கள், கையுறையின் எடையே போதும். வட்டமாகச் சுழற்றாமல், வண்டியின் நீளவாக்கில் நேராக இழுங்கள். நேர்க்கோட்டில் இழுத்தால் கீறலே விழாது என்பதல்ல. தப்பித் தவறி ஒரு துகள் கீறினாலும் அந்தக் கோடு ஓரிரு கோணங்களில்தான் தெரியும், வட்டக் கீறலோ எந்தப் பக்கமிருந்து வெயில் பட்டாலும் மின்னும். வரிசையும் முக்கியம்: கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேற்பாதி, அதன் பிறகே கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பர்களும். சக்கரம் தெறித்த மண் எல்லாம் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது. சக்கரத்தில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் படிந்திருக்கும் என்பதால், சக்கரத் துணி ஒருபோதும் பெயின்ட்டுக்கு வரக்கூடாது. துணியோ கையுறையோ தரையில் விழுந்துவிட்டால், ஒரு நொடிதான் கிடந்தது என்றாலும், துவைக்கும்வரை அது வண்டிக்கு உதவாது.

இறுதியாக மறுபடியும் அலசி, உடனே துவட்ட வேண்டும். துவட்டுவது என்பதும் தேய்ப்பது அல்ல. ஈரத் தலையை ஒற்றி எடுப்பதைப் போல, துண்டை விரித்துப் பரப்பி, உள்ளங்கையால் மெதுவாக ஒற்றி எடுங்கள். அல்லது விரித்த துண்டின் இரண்டு முனைகளைப் பிடித்து அதன் எடையிலேயே மெல்ல இழுங்கள். கண்ணாடி துடைக்கும் ரப்பர் பட்டையைப் பெயின்ட்டின் மேல் இழுக்க வேண்டாம். அதன் விளிம்பில் சிக்கும் ஒரே ஒரு மணல் துகள், கதவின் நீளத்துக்கும் ஒரு கோடு போட்டுவிடும்.

தண்ணீர் குறைவாக உள்ள இடங்களில்

கோடையில் லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் குடியிருப்புகளில் ஹோஸ் பிடித்துக் கழுவுவது முறையும் அல்ல, பல இடங்களில் அனுமதிப்பதும் இல்லை. அங்கே அலசத் தேவையில்லாத கழுவு நீர்மம் நல்ல மாற்று. ஆங்கிலப் பெயரிலேயே ரின்ஸ்லெஸ் வாஷ் என்று கடைகளில் கேட்கலாம். புட்டியில் சொல்லியிருக்கும் அளவில் ஒரு வாளித் தண்ணீரில் கலந்தால், அதில் உள்ள பொருள்கள் மண் துகளைச் சூழ்ந்து வழுக்கலாக்கி, துணி அதைத் தேய்க்காமல் ஏந்திக்கொள்ள உதவுகின்றன.

இதே கலவையைக் கைப்பம்பு தெளிப்பானில் ஊற்றி, துடைக்கப்போகும் பகுதியின் மேல் வழிய வழியத் தெளித்து, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். செடிகளுக்கு நீர் தெளிக்கும் இரண்டு லிட்டர் தெளிப்பானே போதும். பூச்சிமருந்து அடித்த பழைய தெளிப்பானை மட்டும் எடுக்க வேண்டாம். ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளைக் கலவையில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றையும் நான்காக மடித்தால் ஒரு துணியில் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கத்தால் ஒரே ஒரு முறை இழுத்ததும் அடுத்த பக்கத்துக்குப் புரட்ட வேண்டும். எட்டுப் பக்கமும் முடிந்த துணி வாளிக்குத் திரும்பக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் முழு வண்டியும் முடிந்துவிடும். ஆனால் சேறோ கனத்த மண்ணோ படிந்த வண்டிக்கு இது ஏற்றதல்ல என்பதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

தண்ணீரே இல்லாமல் தூசி எடுக்க விற்கும் மெழுகு ஊட்டிய நூல் டஸ்டரைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நேற்றுக் கழுவிய வண்டியின் மேல் இன்று படிந்த மாவுபோன்ற தூசிக்கு மட்டும், அழுத்தாமல், நூல் நுனிகள் மட்டும் தடவும்படி, இடையிடையே உதறிக்கொண்டு பயன்படுத்தலாம். பனி விழுந்து ஈரமான வண்டியில் அதை வைத்தால் மண் குழைந்து இழுபடும். காற்றை ஊதும் ப்ளோயர் பெயின்ட்டைத் தொடுவதே இல்லை என்பதால் அது இன்னும் பாதுகாப்பானது. தூசி அடுத்தவர் வண்டிக்கும் மூக்குக்கும் போகாத திறந்தவெளியில் மட்டும் பயன்படுத்த வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மெல்லிய தூசியை அப்படியே விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஓடினாலே அதில் ஒரு பகுதி பறந்துவிடும்.

துணியைப் பேணுதல்

மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த மிக நுண்ணிய இழை. சதுர மீட்டருக்கு 350 கிராமுக்கு மேற்பட்ட, நீண்ட இழையுள்ள துணியாக வாங்கினால், மண் துகள் மேற்பரப்பில் நிற்காமல் இழைகளுக்குள் இறங்கிவிடும். ஓரத்தில் தைத்திருக்கும் விவரச் சீட்டு கீறக்கூடியது. முதல் வேலையாக அதை வெட்டி எடுத்துவிடுங்கள். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் நீர்மம் இழைகளை மூடிவிடும். சோப்புத் தூள் கரையாமல் துகளாகத் தங்கக்கூடும். ஆகவே தனியாக, சலவை நீர்மத்தில் துவைத்து, நிழலில் உலர்த்தி, மூடிய டப்பாவில் வைப்பதே சரி. வண்டியின் டிக்கியில் திறந்தபடி கிடந்த துணியை நம்ப வேண்டாம்.

தூசியை விட்டுவைக்கக் கூடாத சந்தர்ப்பங்கள்

மெல்லிய தூசி காத்திருக்கும் என்றேன், சில காத்திருக்காது. சிமென்ட் தூசி காரத்தன்மை உள்ளது, இரவுப் பனியில் நனைந்தால் இறுகத் தொடங்கும். அன்றைக்கே ஏராளமான தண்ணீரால் கழுவிவிட வேண்டும். இறுகிவிட்டால் நகத்தாலோ கத்தியாலோ சுரண்டாமல், தேர்ந்தவரிடம் கொண்டுபோவதே நல்லது. தீபாவளி இரவின் பட்டாசுச் சாம்பலும், போகியன்று எரிக்கும் பொருள்களின் எண்ணெய்க் கரியும் இதே வகைதான். கரியைக் காய்ந்த துணியால் துடைத்தால் ஈஷிக்கொள்ளும். பறவையின் எச்சத்தின் மேல் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போர்த்தி ஊறவிட்டு, தூக்கி எடுக்க வேண்டும்.

பெயின்ட்டின் மேல் காப்பாகப் பூசும் செராமிக் கோட்டிங் போட்டிருந்தால் இந்தக் கவனமெல்லாம் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். விளம்பரங்களில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மேலே சொன்ன மோஸ் அளவுகோல் வேறு, இது வேறு. மணல் கோட்டிங்கையும் கீறும். கோட்டிங்கும் வேக்ஸும் தரும் உண்மையான நன்மை, பரப்பு வழவழப்பாகி, தூசி தண்ணீரோடு எளிதாக இறங்கிவிடுவதுதான்.

நாள்தோறும் துடைப்பவரிடம்

குடியிருப்பில் வண்டி துடைப்பவர் வேண்டுமென்றே கீறுவதில்லை. அவருக்குத் தந்திருக்கும் துணியும் தண்ணீரும் அப்படி. நான் எங்கள் குடியிருப்பில் அவரிடம் பேசி, மாதச் சம்பளத்தைக் குறைக்காமல், வேலையை மட்டும் மாற்றிக்கொண்டேன். “அண்ணே, தினமும் துடைக்க வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் நிதானமாக் கழுவுங்க; மத்த நாள்ல கண்ணாடியும் விளக்கும் மட்டும் போதும்,” என்றேன். என் வண்டிக்கென்று இரண்டு வாளிகளும் ஒரு கையுறையும் பத்துத் துணிகளும் தனியாகக் கொடுத்து, முதல் இரண்டு முறை அவரோடு நின்று சேர்ந்து கழுவினேன். துணிகளைத் துவைக்கும் பொறுப்பை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். சர்வீஸுக்கு விடும்போதும், எல்லா வண்டிக்கும் ஒரே ஸ்பாஞ்சு என்ற நிலை பல இடங்களில் இருப்பதால், “தண்ணீர் அடித்து நுரை போட்டுக் கழுவினால் போதும், துடைக்க வேண்டாம்” என்று வேலைச்சீட்டிலேயே எழுதச் சொல்லிவிடுகிறேன். துவட்டுவதற்கான துண்டு என் வண்டியில், மூடிய டப்பாவுக்குள், எப்போதும் இருக்கிறது.